கோடு கிழித்தல்

ஒரு நகரத்துக்கு இல்லாத ரயில் பாதைகளைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது குற்றமற்ற பொழுதுபோக்கு என்றுதான் பொதுவாக நினைக்கப்படுகிறது. யாருக்கும் நஷ்டமில்லை; வரைகிறவனுக்கு அதிகாரம் கிடையாது; காகிதம் மலிவு. ஆனால் அதிகாரம் உள்ளவனும் இப்படித்தான் ஆரம்பிக்கிறான். பொழுதுபோக்காக வரைகிறவனுக்கும் திட்டமிடுகிற ஸ்தாபனத்துக்கும் பொதுவாக இருப்பது அந்தக் காகிதம் வெறுமையாக இருக்கிறது என்கிற பாவனை. இந்தப் பாவனையைத் தார்மீகமாக எப்படி மதிப்பிடுவது என்பதே இங்கே என் பிரச்னை. ரயில் வேண்டுமா என்பதல்ல, வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நண்பர் ஒருவர், கவிஞர், ஒரு வருஷமாகச் சென்னைக்குப் பாதைகள் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்பது கோடுகள், இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அவருடைய கவிதைகளைவிடக் கச்சிதமானது என்றுகூடச் சொல்வேன். (அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர், கோபித்துக்கொள்ள மாட்டார்.) அதில் புளியந்தோப்பில் மூன்று பாதைகள் சந்திக்கின்றன. ஏன் புளியந்தோப்பு என்று கேட்டேன். வடக்கிலிருந்து வருகிற கோடும் மேற்கிலிருந்து வருகிற கோடும் 45 பாகையில் திரும்பினால் அங்கேதான் வந்து சேர்கின்றன என்றார். புளியந்தோப்பில் அவர் இறங்கியதில்லை. மூன்று பாதைகள் சந்திக்கிற நிலையத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும், அந்த இடத்தில் இப்போது யார் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதெல்லாம் கோணமானியில் தெரிவதில்லை.

இந்த 45 பாகைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. லண்டன் பாதாள ரயிலின் சிக்னல் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக் 1931இல் தன் ஓய்வு நேரத்தில் ஒரு படம் போட்டார். பாதைகள் நெடுக்கில் போகும், கிடையில் போகும், அல்லது 45 பாகையில் சாயும். வேறு விதமாகப் போகாது. நெரிசலான நகர மையம் விரிக்கப்பட்டது, புறநகர்கள் சுருக்கப்பட்டன, தரைமேல் உள்ளவற்றில் தேம்ஸ் நதி மட்டும் மிஞ்சியது. மிகவும் புரட்சிகரமாக இருக்கிறதென்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1933இல் அச்சிட்டுக் கொடுத்தபோது ஜனங்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். பெக்கின் நியாயம் சரியானதுதான். பூமிக்குள் போகிறவனுக்கு மேலே எந்தத் தெரு என்பது அவசியமில்லை; எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்பது தெரிந்தால் போதும். தவிர, கட்டி முடித்த பாதைகளுக்குத்தான் அவர் தரையை அழித்தார். அதனால் தரையில் இருந்த யாரும் அழியவில்லை. இன்று உலகமெங்கும் கட்டாத பாதைகளை இதே பாணியில் போடுகிறார்கள். பயணியின் சௌகரியத்துக்காகச் செய்த சுருக்கம் திட்டமிடுகிறவனின் பார்வையாக மாறிவிட்டது. பின்னால் வந்த அழிப்பு முன்னால் வந்துவிட்டது.

லண்டனிலேயே ஒரு தடவை படம் பாதையை முந்திக்கொண்டதுண்டு. 1930களின் இறுதியில் வந்த வரைபடங்களில் நார்தர்ன் பாதை எட்ஜ்வேரைத் தாண்டி புஷி ஹீத் வரை போவதாக, வேலை நடந்துவருகிற பாதையாக, அச்சிட்டிருந்தார்கள். 1939இல் யுத்தம் வந்து வேலை நின்றது. யுத்தத்துக்குப் பிறகு, நகரைச் சுற்றிய பசுமை வளையத்தில் புதிதாக வீடுகள் வர முடியாது என்று ஆனதும் அந்த நீட்டிப்பு கைவிடப்பட்டது. ப்ராக்லி ஹில்லில் சில செங்கல் வளைவுகள் மட்டும் நிற்கின்றன. இதில் காரணத்தைக் கவனிக்க வேண்டும். வீடுகள் வராவிட்டால் பயணிகள் கிடையாது. அங்கே காத்திருந்த பயணிகளுக்காக யாரும் பாதை போடவில்லை; போட்டால் பயணிகள் உண்டாவார்கள் என்று போட்டார்கள். மெட்ரோபாலிடன் ரயில்வே கம்பெனி 1915லேயே 'மெட்ரோலாண்ட்' என்று ஒரு தேசத்துக்கே பெயர் வைப்பதுபோலப் பெயர் வைத்து, தன் பாதையோரப் பிரதேசத்துக்கு விளம்பரம் செய்ய ஆரம்பித்திருந்தது.

ஆக, ரயில் பாதை தன் ஜனங்களைத் தானே சிருஷ்டித்துக்கொள்கிறது. இதை வெறும் உருவகமாகச் சொல்லவில்லை. டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியான தன் நூலில் இதைக் கடைசிவரை கொண்டுபோகிறார். ரயிலும் மோட்டாரும் வராதிருந்தால் யார் யாரைச் சந்தித்திருப்பார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் மாறியிருக்கும். இன்று இருக்கிற நம்மில் மிகப் பலர் பிறந்தே இருக்க மாட்டோம். இது உண்மையானால் 'வருங்காலத் தலைமுறைக்காக' என்கிற வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எந்த வருங்காலத் தலைமுறை? கோடு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து வேறு வேறு மனிதர்கள் பிறக்கப்போகிறார்கள். கோட்டுக்கு சாட்சி சொல்ல வருகிறவர்கள் அந்தக் கோட்டாலேயே உண்டாக்கப்பட்டவர்கள். ஒரு நாவலின் பாத்திரங்களை அழைத்து நாவலாசிரியனைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதுபோன்றது இது. ஆனால் கோடு விழுகிற இடத்தில் இன்று இருக்கிறவனுக்குப் பெயர் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. அவனுக்கு அநீதி இழைத்தோமா இல்லையா என்பதில் தத்துவச் சிக்கல் ஒன்றுமில்லை.

வெற்றுத்தாளுக்கு மூலபுருஷர் என்று ஒருவரைத் தேடினால் பிளேட்டோவிடம்தான் போகவேண்டும். 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில் நகரத்தைச் சமைக்கிற தத்துவஞானியை ஓவியனுக்கு ஒப்பிடுகிறார். இந்த ஓவியன் சுத்தமான பலகை கிடைக்கிறவரை அல்லது தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்கிறவரை தூரிகையைத் தொடமாட்டான். அழகான உவமை என்று படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் பிளேட்டோ உவமையை உவமையாக விட்டுவைக்கிறவர் இல்லை. எப்படித் துடைப்பது என்பதற்கு ஏழாம் பகுதியின் முடிவில் விடை வருகிறது: நகரத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிட வேண்டும். குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஆரம்பிக்க வேண்டும். இதுவே சுலபமான, விரைவான வழி என்கிறது உரையாடல். கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் இதைக் கடந்து போகிறபோது யாரும் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமில்லை. எனக்கு இந்த இடம் சென்னையை நினைவுபடுத்துகிறது.

சென்னையில் பறக்கும் ரயில் என்று ஜனங்கள் பெயர் வைத்த பாதை இருக்கிறதே, அது பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் போகிறது. மேல் என்றால் நிஜமாகவே மேல். சேப்பாக்கத்துக்குத் தெற்கே நெடுகத் தூண்கள் கால்வாய்க்கு உள்ளேயும் கரையிலும் ஊன்றப்பட்டிருக்கின்றன. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. ஏன் கால்வாய்? காரணம் ரொம்ப எளிமையானது: பட்டா நிலத்தை வாங்க வேண்டாம், பங்களாக்காரர்களோடு கோர்ட்டுக்குப் போக வேண்டாம். திட்ட வரைபடத்தில் கால்வாய் ஒரு வெற்றிடம். யாருக்கும் சொந்தமில்லாத நீளமான வெற்றுத்தாள்.

அந்த வெற்றிடத்தின் கதை இது. வடக்கே எண்ணூரை நோக்கி 1806 வாக்கில் பேசில் காக்ரேன் வெட்டிய தனியார் கால்வாயில் ஆரம்பம். நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் அப்போது இல்லை. அதை வெட்டியவர்கள் 1876–78 பஞ்சத்தில் கிராமங்களை விட்டு வந்தவர்கள். நிவாரண வேலை. பசித்துக் கிடந்தவர்களைக் கொண்டு மண் வெட்டச் செய்து, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் விறகும் உப்பும் அதில் படகில் வந்தன. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து எழுந்திருக்கவே இல்லை. அதாவது அந்த நீர்வழியே ஒரு காலத்தில் யாரோ கற்பனை செய்த போக்குவரத்து வலைதான். அதற்கும் ஒரு வரைபடம் இருந்தது. அந்தக் கோட்டுக்கும் சிலர் விலை கொடுத்தார்கள். அது செத்த பிறகு கரையில் குடிசைகள் வந்தன, நகரத்தின் சாக்கடை வந்தது, கடைசியில் தூண்கள் வந்தன. தூண்கள் நீரோட்டத்தைக் குறுக்கிவிட்டன என்று வெள்ளம் வருகிறபோதெல்லாம் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், வெள்ளம் வடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பிரம்மாண்டமான நிலையக் கட்டடங்களின் மாடிகள் வருஷக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தன. இது வேறு விஷயம். அழகியல் பகுதியில் எழுத வேண்டியது.

கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இதே காலகட்டத்தில்தான், 2000இல் தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணகி நகர் எழுகிறது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கால்வாய், கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அலை அலையாக அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டன. எழில் நகரையும் சேர்த்தால் கண்ணகி நகரில் மட்டும் 23,000க்கு மேற்பட்ட வீடுகள். சென்ட்ரலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ரயில் பாதை வந்து சேருகிற இடத்திலிருந்து ரயில் பாதை இல்லாத இடத்துக்கு. மயிலாப்பூரில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அங்கே போனதும் மயிலாப்பூர் வேலையை விடவில்லை, விட முடியவில்லை. விடிவதற்கு முன் எழுந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். பிளேட்டோ பெரியவர்களை வெளியே அனுப்பிக் குழந்தைகளை வைத்துக்கொண்டார். நாம் அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறபோது குழந்தைகளையும் சேர்த்தே லாரியில் ஏற்றியிருக்கிறோம்.

இந்த இடத்தில் நின்று, கோடே கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது நம்மவர்களுக்குச் சுலபம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு எதிர்ப்பு எப்போதும் சௌகரியமான ஆசனம். ஆனால் கிழிக்காத கோட்டுக்கும் விலை உண்டு. அதை அவள் தினமும் செலுத்துகிறாள், இரண்டு மணிநேரம் போகவும் இரண்டு மணிநேரம் வரவும். இடித்த வீட்டுக்குப் புகைப்படம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் கரைந்த நேரத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பிராது கொடுக்க முடியாது. வரையாமல் இருப்பது நடுநிலைமை அல்ல என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இங்கே என் பிழைப்பிலிருந்து ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. வங்கியில் பெரிய கடன் விண்ணப்பங்களோடு ஓர் அட்டவணை வரும். பிற்காலத்து வருமானத்தை இன்றைய மதிப்புக்குச் சுருக்கிக் காட்டுகிற அட்டவணை. வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 25 வருஷம் கழித்து வருகிற ஒரு ரூபாய்க்கு இன்று 9 பைசா மதிப்பு. 50 வருஷம் கழித்து வருவதற்கு ஒரு பைசாகூடத் தேறாது. வட்டி வாங்குகிற ஸ்தாபனத்துக்கு இதில் தப்பில்லை. ஆனால் பொதுக் காரியங்களின் நன்மை தீமைகளையும் இதே கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறார்கள். அப்படியானால் 50 வருஷம் கழித்து அந்த ரயிலில் உட்காரப்போகிறவள் இன்றைய மனுஷியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானவளா? ஃப்ராங்க் ராம்ஸே 1928இல், அப்போது அவருக்கு 25 வயதுகூட நிரம்பியதோ என்னவோ, சேமிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில் இந்த வழக்கத்தை நிராகரிக்கிறார். பிற்கால இன்பம் பிற்காலத்தில் வருகிறது என்பதற்காகவே அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கு நியாயம் கிடையாது, நம் கற்பனை பலவீனமாக இருப்பதுதான் காரணம் என்பது அவர் கட்சி. ஒரு கணித மேதை கற்பனையின் பலவீனத்தை ஒழுக்கப் பிரச்னையாகப் பார்த்தார் என்பது என்னை வெகு நாளாகத் தொந்தரவு செய்கிற விஷயம். இரண்டு வருஷத்தில், 26 வயதில், செத்துப்போனார்.

ராம்ஸே காலத்தின் திசையில் சொன்னதை நான் தரையின் திசையில் நீட்டிப் பார்க்கிறேன். அட்டவணை தூரத்து வருஷத்தில் உள்ளவளைச் சுருக்குகிறது. வரைபடம் இதே வருஷத்தில் கோட்டுக்கு அடியில் உள்ளவளைச் சுருக்குகிறது. கற்பனை நிரம்பி வழிகிறவன் என்று நாம் நினைக்கிற வரைபடக்காரனுக்கு உண்மையில் கற்பனை போதவில்லை. ஒன்பது நிறக் கோடுகளை மனசில் ஓடவிடுகிறவனால் ஒரு சமையல்கட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம் வட்டத்தில் கற்பனை என்கிற சொல்லுக்கு ஒரு புனிதம் ஏறிவிட்டது. இடத்தைக் காலி செய்துவிட்டுப் பறக்கிற கற்பனை மட்டமான ரகம் என்று சொன்னால் கோபம் வருகிறது. ஆனால் கவிஞர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. கவிஞனுக்கு வெற்றுத்தாள் கிடைத்ததே இல்லை. எடுக்கிற ஒவ்வொரு சொல்லிலும் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. 1959இல் தொடங்கிய 'எழுத்து'வில் யாப்பைக் கைவிட்டு எழுதியவர்கள்கூடச் சொல்லைக் காலி செய்து வாங்கிக்கொள்ளவில்லை. இருந்தவர்களோடு பேசி ஒதுங்கி இடம் பண்ணிக்கொண்டார்கள். நல்ல கவிதையில் அந்தப் பேரம் கேட்கும்.

பிளேட்டோவின் பலகைக்கு எதிராக நிறுத்தத் தகுந்த உருவகம் ஓட்டோ நாய்ராத்தினுடையது. நடுக்கடலில் கப்பலைப் பழுதுபார்க்கிற மாலுமிகள் அவர்கள். துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்ட வழியில்லை. நிற்கிற பலகையிலேயே நின்றுகொண்டு அடுத்த பலகையை மாற்ற வேண்டும். அறிவைப் பற்றிய விவாதத்தில் அவர் சொன்னது அது. நகரத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். நாய்ராத் திட்டமிடுதலை வெறுத்தவர் அல்ல, அதில் தீவிர நம்பிக்கை உள்ளவர். புள்ளிவிவரங்களைச் சின்னச் சின்னப் படங்களாக்கிச் சாதாரண ஜனங்கள் படிக்கும்படி செய்கிற முறையை வியன்னாவில் உருவாக்கியவர். நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1945இல் பில்ஸ்டன் என்கிற தொழில் நகரம் தன் சேரிகளை மாற்றியமைக்க அவரை ஆலோசகராக அழைத்தது. அவ்வருஷ டிசம்பரில் இறந்துவிட்டார். கப்பல் உருவகத்தை ஒரு நிஜ நகரத்தில் அவர் எப்படிச் செய்துகாட்டியிருப்பார் என்பதை முழுதாகப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஸூரிக் நகரத்தில் அதற்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்று நடந்தது. டிராம்களை நகர மையத்தில் பூமிக்கடியில் கொண்டுபோகும் திட்டத்தை 1962இல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 1973இல் முழுப் பாதாள ரயில் திட்டத்தையும் நிராகரித்தார்கள். 1977இல் இருக்கிற டிராமுக்கும் பஸ்ஸுக்கும் சாலையில் முன்னுரிமை தரப் பணம் ஒதுக்கினார்கள். 1981இல், ஏற்கெனவே இருந்த ரயில் பாதைகளை ஒரு சுரங்கத்தால் இணைத்துப் புறநகர் ரயிலாக்கும் திட்டத்துக்குச் சம்மதம் கிடைத்தது; 1990இல் அது ஓடத் தொடங்கியது. நிராகரிக்கப்பட்ட பாதாள ரயிலுக்கென்று முன்கூட்டியே தோண்டி வைத்த ஒரு சுரங்கம் ஷ்வாமெண்டிங்கன் பக்கம் இருந்தது. 1986 முதல் அதில் டிராம் ஓடுகிறது. இந்தச் சுரங்கம்தான் எனக்குப் பிடித்த பகுதி. கைவிட்ட கனவையும் பலகை மாதிரி எடுத்துப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். ரொம்பவும் மெய்மறக்கத் தேவையில்லை. 1962இல் வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். பெண்களுக்கு அங்கே அப்போது ஓட்டு கிடையாது. பிற்பாடும், அந்த நாட்டில் மண் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளிகளிடம் யாரும் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லை. கப்பலில் யார் மாலுமி, யார் சரக்கு என்பதை நாய்ராத்தின் உருவகம் சொல்லித் தருவதில்லை.

சென்னை மெட்ரோ 2015இல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது: மூன்று பாதைகள், 118.9 கிலோமீட்டர், 128 நிலையங்கள், 63,246 கோடி ரூபாய். இவற்றில் ஒன்று மாதவரத்தில் கிளம்பி மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் இறங்கி, துரைப்பாக்கத்தையும் சோழிங்கநல்லூரையும் கடந்து சிறுசேரிக்குப் போகிறது. சாலையின் இரு புறமும் கண்ணாடிக் கட்டடங்கள். மென்பொருள்காரர்களை உத்தேசித்து வரையப்பட்ட கோடு என்று யாரும் சொல்லாமலே தெரியும். தற்செயலாக அது கண்ணகி நகரை ஒட்டியும் போகிறது. 2000இல் பத்து வயதில் அங்கே லாரியிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இப்போது முப்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கே பத்து வயதில் குழந்தை இருக்கலாம். அரசாங்கத்தின் சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மெட்ரோவில் உண்டு. மாதம் இருபத்தாறு நாள், போக வர, அவள் வாங்குகிற சம்பளத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதை அவளே ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிடுவாள். அதற்கு அட்டவணை வேண்டியதில்லை.